மயில் ஏன் ஊதாவானது? அச்சுக்கும் திரைக்கும் ஒரே படத்தை வண்ணம் தீட்டுவது பற்றி

தங்கச்சி கேட்டிருப்பது இதுதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து முருகன் கோயில் திருவிழா மலருக்கு அட்டைப்படம் வரைந்திருக்கிறார். விடியற்காலை, பால்மர (ரப்பர்) காடு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டும் பாட்டி, பக்கத்தில் ஒரு மயில், மரங்களுக்குப் பின்னால் ஆரஞ்சு வானம். மடிக்கணினியில் கிரித்தா என்ற ஓவிய மென்பொருளில் தீட்டிய படம். திரையில் பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். அச்சாகி வந்தபோது மயில் ஊதாவாகியிருந்தது, பாட்டியின் முகம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது, கோடுகள் கலங்கியிருந்தன. சரி, அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் பாட்டியின் சிவப்புப் புடவை ஓரமெல்லாம் பிசிறடித்தது. "தப்பு அச்சகத்திலா, என்னிடமா? இரண்டு இடத்திலும் நன்றாக வருகிற மாதிரி ஒரே படத்தை வண்ணம் தீட்ட முடியாதா, அண்ணே?"

முடியும். தப்பு யாருடையது என்பதைவிட, அந்த ஊதா எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கு அதிகம் உதவும். ஈப்போவில் அச்சகத்தில் பல வருஷம் கோப்பு சரிபார்க்கிற வேலை பார்த்தவன் நான். கோயில் மலர், பள்ளி மலர், கல்யாண அழைப்பிதழ் என்று என் கை வழியாகப் போனவற்றில் இந்த ஊதா மயில் மாதிரி எத்தனையோ பார்த்துவிட்டேன்.

திரையில் நீங்கள் பார்ப்பது விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சமும் சேர்ந்தால் வெள்ளை. தாளில் நீங்கள் பார்ப்பது மை. வெள்ளைத் தாளில் விழுந்து திரும்பும் வெளிச்சத்திலிருந்து ஒவ்வொரு மையும் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. சயான் என்ற பச்சை கலந்த நீல மை சிவப்பை விழுங்கும், மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மை பச்சையை விழுங்கும், மஞ்சள் நீலத்தை விழுங்கும். திரையில் சேர்க்கச் சேர்க்க வெளுக்கும், தாளில் சேர்க்கச் சேர்க்கக் கறுக்கும். இரண்டும் வேறு வேறு சட்டத்தில் ஓடுகின்றன. ஆகையால் திரை காட்டும் வண்ணங்கள் சில தாளில் வரவே வராது.

அப்படி வராத வண்ணங்களில் முதல் இடம் பளீரென்ற நீலத்துக்கு. ஆர்ஜிபியில், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கணக்கில், நீலத்தை மட்டும் உச்சமான 255-க்கு ஏற்றி, மற்ற இரண்டையும் பூச்சியமாக வைத்துப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும். அதை சிஎம்ஒய்கே-க்கு, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் சதவீதக் கணக்குக்கு மாற்றினால் கிட்டத்தட்ட சயான் 88, மெஜந்தா 77 என்று வரும். மெஜந்தா அவ்வளவு ஏறினால் நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். அச்சகத்தில் நாங்கள் கைக்கணக்காக ஒன்று வைத்திருந்தோம்: நீலம் நீலமாகவே இருக்க வேண்டுமென்றால் மெஜந்தா சயானைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே இருக்க வேண்டும். சயான் 100 என்றால் மெஜந்தா 70-ஐத் தாண்டக் கூடாது. நான் 60-லேயே நின்றுவிடுவேன்.

ஆனால் மயிலுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. மயில் கழுத்தின் நீலம் சாயத்தால் வருவதில்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் வருகிறது. அதனால்தான் மயில் தலையைத் திருப்பும்போது நீலம் பச்சைக்கு நழுவி, மறுபடி நீலத்துக்கு வருகிறது. கழுத்து முழுவதையும் ஒரே பளீர் நீலத்தில் நிரப்பினால் திரையில்கூட அது பிளாஸ்டிக் மயிலாகத்தான் தெரியும். கழுத்தின் நிழல் பக்கத்தைச் சயான் 100, மெஜந்தா 60, கறுப்பு 15 என்று வையுங்கள். நடுவில் சயான் 100, மெஜந்தா 35. வெளிச்சம் படும் விளிம்பில் சயான் 90, மஞ்சள் 35, மெஜந்தா பூச்சியம். நீலத்திலிருந்து பச்சைக்கு ஓடும் அந்த ஓட்டம்தான் மினுமினுப்பைக் கொடுக்கும், நிறத்தின் பளபளப்பு அல்ல. இன்னொரு சங்கதியும் உண்டு. அச்சு மையின் சுத்தமான சயான் சாதாரணத் திரையில் முழுதாகத் தெரியாத அளவுக்கு அழுத்தமானது. அச்சு எல்லாவற்றிலும் திரையைவிட ஏழை என்று நினைத்துவிட வேண்டாம். சயானும் மஞ்சளும் அதன் சொந்த வீடு. மயிலை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் வீட்டில் பழைய மளிகைக்கடைச் சாமி நாட்காட்டி ஒன்று கிடந்தது. குழந்தைக் கிருஷ்ணர் படம். சின்ன வயதில் பார்த்த அதே வெளிர்நீலம், மங்கிப்போகாமல் இருந்தது. அச்சு வண்ணம் எல்லாமே நுண்ணிய மைப்புள்ளிகள்தான். அச்சகத்தில் அந்தப் புள்ளி பார்க்கிற லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கிருஷ்ணரின் கன்னத்தில் முக்கால்வாசி சயான் புள்ளிகள், அங்கங்கே சிதறலாக மெஜந்தா, அவ்வளவுதான். கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசி அச்சில் நாட்காட்டியாகி எத்தனையோ தமிழர் வீட்டுச் சுவர்களில் தொங்கின. அந்த மரபில் வந்த படங்களில் சாமியின் நீலம் ஏன் எப்போதும் வானத்து நீலமாக இருக்கிறது, ஏன் கருநீலமாக இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மலிவான அச்சிலும் கெட்டுப்போகாத நீலம் அதுதான்.

நீலம் இன்னும் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரான்ஸில் கோப்ளான் என்ற நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல். அங்கே கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததுதான் காரணம். பக்கத்து நிறம் கண்ணை மாற்றிவிடுகிறது என்பதை விளக்கி 1839-இல் பெரிய நூலே எழுதினார். உங்கள் படத்தில் மயிலுக்குப் பின்னால் ஆரஞ்சு வானம் இருக்கிறதே, அது பெரிய பலம். நீலமும் ஆரஞ்சும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஆனால் வானத்தையும் உச்சத்துக்கு ஏற்றி, மயிலையும் உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் குரலும் கேட்காது. மயிலுக்கு நேர் பின்னால் இருக்கும் வானத்தை மட்டும் கொஞ்சம் வெளுத்த, தூசி படிந்த ஆரஞ்சாக்குங்கள். மயிலைத் தொடவே வேண்டாம், அது தானாகப் பிரகாசிக்கும்.

அடுத்தது பாட்டியின் முகம். நான் அதிகம் சொல்ல வேண்டியது இதில்தான், எனக்கு மனசு அதிகம் வலித்ததும் இதில்தான்.

நாம் வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்ளும் காணொளிகளில் பெரும்பாலும் வெளுத்த தோல்தான். அடிவண்ணம் இளஞ்சிவப்பு, நிழல் ஊதா கலந்த சிவப்பு, கன்னத்தில் ரோஜா. அந்தப் பாடத்தை அப்படியே எடுத்து, நிறத்தை மட்டும் கருமையாக்கி நம் பாட்டிக்குப் போட்டால் முகம் செத்துப்போகும். காரணம் இரண்டு. முதலாவது, திரையில் பழுப்பு நிறத்தைக் கருமையாக்கக் கறுப்பையோ சாம்பலையோ மல்டிப்ளை லேயரில் (கீழே உள்ள நிறத்தைக் கருமையாக்கும் அடுக்கில்) போட்டிருக்கிறீர்கள். அது நிறத்தில் இருந்த சூட்டை அடித்துவிடும். இரண்டாவது, அந்தப் பழுப்பை அச்சுக்கு மாற்றும்போது மென்பொருள் கருமைக்காகச் சயானை ஏற்றுகிறது. தாளில் மைப்புள்ளி கொஞ்சம் பரவத்தான் செய்யும். தோலில் சயான் புள்ளி பரவினால் சாம்பல், இன்னும் பரவினால் பச்சை. உங்கள் பாட்டிக்கு நடந்தது அதுதான்.

அச்சில் தோலுக்கு என் கணக்கு இது: மஞ்சள் எல்லாவற்றுக்கும் மேலே, அதற்குச் சற்றுக் கீழே மெஜந்தா, சயான் இவற்றில் ஏறத்தாழப் பாதியளவு, நிழலில் சற்றுக் கூட. வெயிலில் உழைத்த கருத்த தோலின் நடு நிறத்துக்குச் சயான் 35, மெஜந்தா 60, மஞ்சள் 70, கறுப்பு 15 என்று தொடங்கிப் பாருங்கள். நிழலுக்குச் சயான் 50, மெஜந்தா 72, மஞ்சள் 75, கறுப்பு 45. இவை தொடக்க எண்கள்தான், ஒவ்வொரு முகத்துக்கும் மாறும். மல்டிப்ளை லேயரில் நிழல் போடுவதாக இருந்தால் சாம்பலை விட்டுவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியின் சிவந்த பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இதை எந்தக் காணொளியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வெளுத்த தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் சொல்லும். கருத்த தோலில் அதை மினுக்கம் சொல்லும். எங்கள் பாட்டி பால் வெட்டப் போனவர். காலையில் எண்ணெய் தேய்த்துச் சீவிய தலை, வேர்வை பூத்த நெற்றி, மூக்குத்தண்டு, கன்னத்து மேடு. அந்த மேடுகளில் வானத்தின் வெளிச்சம் உட்காரும். விடியற்காலை வானம் என்றால் அந்த மினுக்கம் குளிர்ந்த நிறம், இளநீலம் கலந்த சாம்பல். அங்கே வெள்ளையைப் போடாதீர்கள், வெள்ளை போட்டால் பிளாஸ்டர் ஒட்டினாற்போல் இருக்கும்.

நெற்றி விளக்கையும் யோசியுங்கள். விடிவதற்கு முன்னே காட்டுக்குப் போவதே, குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதற்காகத்தான். அந்த இருட்டில் நெற்றி விளக்கு பாட்டியின் முகத்தில் விழாது. அது மரத்தில் விழும். பட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் முகத்துக்கு வரும். அப்படியென்றால் மோவாய்க்குக் கீழே, மூக்கின் அடியில், கண்ணிமையின் கீழ் விளிம்பில் மரப்பட்டையின் சூடான பழுப்பு மெல்லப் படிய வேண்டும். மேலே குளிர்ந்த வானம், கீழே சூடான பட்டை, நடுவே பாட்டியின் சொந்த நிறம். இந்த மூன்றையும் வைத்தீர்களென்றால் அச்சு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் முகம் உயிரோடு இருக்கும். நம் ஆட்களின் முகத்தை நாமே சாம்பலாக அச்சடித்து வெளியிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

கோடுகள் கலங்கியதற்குக் காரணம் எளிது. ஆர்ஜிபியில் கறுப்பு என்பது மூன்றும் பூச்சியம். அதை மாற்றினால் கறுப்பு மை மட்டும் வராது. போட்டோஷாப்பின் பழைய வழக்கமான அமைப்பில் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று நான்கு மையும் வரும். ஆஃப்செட் என்ற வழக்கமான அச்சு முறையில் ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட், அதாவது அச்சுத் தகடு. நான்கும் ஒன்றன் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே மெல்லிய கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும். ஆகையால் கோட்டுப்படம் கறுப்பு மை 100 மட்டுமாக இருக்க வேண்டும், மற்ற மூன்றும் பூச்சியம். கோட்டு லேயரைத் தனிக் கோப்பாக, ஒற்றை நிறத்தில், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) கொடுத்து, அடியில் உள்ள வண்ணத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும்படி ஓவர்பிரிண்ட் செய்யச் சொல்லிவிடுங்கள். பக்கம் கட்டுகிறவருக்கு அது இரண்டு நிமிஷ வேலை.

கோட்டுக்கு அடியில் வண்ணம் எப்படிப் போடுவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அடிவண்ணம் கோட்டின் விளிம்போடு நின்றால், பிளேட் நகரும்போது வெள்ளைக் கீற்று தெரியும். வண்ணம் கோட்டின் நடு வரைக்கும் உள்ளே போகட்டும். பெயிண்ட் வாளிக் கருவியில் தேர்வை 2 அல்லது 3 பிக்சல் பெரிதாக்கும் வசதி இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள். அடிவண்ணம் போடும்போது விளிம்பை மழுப்பும் ஆன்டி-ஏலியாஸை அணைத்துவிடுங்கள். அப்போதுதான் அப்புறம் ஒரே நிறப் பகுதியைத் தேர்வு செய்யும் மந்திரக்கோல் கருவியால் ஒரு பகுதியைத் தொட்டால் ஓரத்தில் அரைகுறைப் பிக்சல் மிஞ்சாமல் முழுசாகப் பிடிபடும். கிரித்தாவில் கலரைஸ் மாஸ்க் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கிறுக்கல் போட்டால் கோட்டைப் பார்த்து அதுவே நிரப்பும். இலை அடர்ந்த காட்டுக்கு நேரம் மிச்சம், முகத்துக்குக் கையால் போடுவதே நல்லது. அடிவண்ண லேயரைப் பூட்டி வைத்துவிட்டு, நிழலையும் மினுக்கத்தையும் தனித்தனி லேயர்களில், அடிவண்ணத்தோடு கிளிப் செய்து (அதன் எல்லைக்குள்ளேயே நிற்கும்படி) போடுங்கள். பாட்டி புடவையை மாற்றச் சொல்லிக் கோயில் கமிட்டித் தலைவர் கடைசி நேரத்தில் கேட்டால் அப்போது புரியும் இதன் அருமை.

தூரத்து மரங்களுக்குக் கறுப்புக் கோடு வேண்டாம். அந்தக் கோடுகளை நீலம் கலந்த பழுப்பாக மாற்றிவிட்டால் மரங்கள் பின்னால் போய்விடும். அவை நான்கு மையில் வந்து கொஞ்சம் கலங்கினாலும் பனி மாதிரிதான் தெரியும்.

சரி, எதில் வேலை செய்வது, ஆர்ஜிபியிலா சிஎம்ஒய்கே-யிலா? இதில் இரண்டு கட்சி உண்டு. முதல் கோட்டிலிருந்தே சிஎம்ஒய்கே என்பார்கள் சிலர். நாலைந்து தட்டை நிறம் மட்டும் உள்ள சுவரொட்டி என்றால் அதுவே சரி, எண்ணை நேரடியாக அடித்துவிடலாம். உங்கள் படம் மாதிரி கலந்து தீட்டிய படத்துக்கு நான் எஸ்ஆர்ஜிபியில்தான் வேலை செய்வேன். அது 1996-இல் சாதாரணத் திரைகளுக்கென்று வகுத்த பொது அளவு, இணையம் முழுக்க இன்றும் அதைத்தான் நம்பி ஓடுகிறது. அதில் வேலை செய்துகொண்டே, அச்சில் எப்படி வரும் என்று பார்க்கும் சாஃப்ட் புரூஃபை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். கிரித்தாவிலும் போட்டோஷாப்பிலும் கண்ட்ரோலும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் அது வரும். கூடவே ஷிஃப்டையும் அழுத்தினால், மையால் பிடிக்க முடியாத இடங்களெல்லாம் வேறு நிறத்தில் பளிச்சென்று காட்டும். உங்கள் மயில் முழுக்க அப்படிக் காட்டியிருக்கும். அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சாஃப்ட் புரூஃபுக்கு எந்த புரொஃபைலை (அந்த அச்சின் வண்ணக் குணத்தைச் சொல்லும் கோப்பு) போடுவது என்று அச்சகத்தில் கேளுங்கள். போக்ரா 39 என்பார்கள், அல்லது ஜப்பான் கலர் என்பார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்கிற ஆளுடைய கோப்பை அவர்களும் கவனமாகப் பார்ப்பார்கள். கூடவே என்ன தாள் என்றும் கேளுங்கள். அட்டை பளபளப்பான ஆர்ட் கார்டில் வரும், உள்பக்கம் பளபளப்பில்லாத சிமிலி தாளில் வரும். சிமிலி மையை உறிஞ்சும், புள்ளி பரவும், நடுத்தர நிழல்கள் எல்லாம் ஒரு படி கறுத்துவிடும். அதே பாட்டியை உள்பக்கத்திலும் போடுவதாக இருந்தால் அதற்கென்று ஒரு நகல் எடுத்து, நடு நிழல்களைக் கொஞ்சம் வெளுத்துக் கொடுங்கள். அட்டைக்குச் செய்த கோப்பையே உள்ளே போட்டுவிட்டு அச்சு இருட்டாக இருக்கிறது என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

மையின் மொத்த அளவிலும் ஒரு கண் இருக்கட்டும். நான்கு மையின் சதவீதத்தையும் கூட்டினால் ஆர்ட் தாளில் 300-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. நாளிதழ்த் தாளுக்கு 240 போதும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தீபாவளி வாழ்த்து மடலுக்கு இரவு வானம் தீட்டினேன். நல்ல கறுப்பு வேண்டுமென்று நான்கையும் 100 என்று அடித்தேன், மொத்தம் 400. அடுக்கி வைத்த தாள்களில் மை காயவே இல்லை. ஒவ்வொரு மடலின் முதுகிலும் அதற்குக் கீழே இருந்த மடலின் வானம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டு முழுக்கக் குப்பைக்குப் போயிற்று, மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் பெரிய கறுப்புப் பரப்புக்குச் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்றுதான் வைக்கிறேன். மொத்தம் 240. ஆழமான கறுப்பு, மை பேசாமல் காயும். புரொஃபைல் வழியாக மாற்றினால் மென்பொருளே இந்த வரம்பைப் பார்த்துக்கொள்ளும். நாம் கையால் எண் அடிக்கும்போதுதான் ஆபத்து.

திரையின் வெளிச்சமும் ஏமாற்றும். தோட்டத்து வீட்டில் ராத்திரி ஒற்றைக் குழல்விளக்கில், திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு தீட்டினால் எல்லாமே ஒளிரத்தான் செய்யும். தாள் ஒளிராது. ஒரு வெள்ளை ஏ4 தாளைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். திரையின் வெள்ளை அந்தத் தாளின் வெள்ளைக்குக் கிட்டத்தட்ட இறங்கும் வரைக்கும் வெளிச்சத்தைக் குறையுங்கள். கண்ணுக்கு இதமாக மஞ்சளடிக்கும் இரவு அமைப்பை அணைத்துவிடுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் அச்சு இருட்டாக வருகிறது என்ற புகாரில் பாதி இதிலேயே போய்விடும்.

இதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. எல்லா லேயருக்கும் மேலே வண்ணத்தை நீக்கும் ஃபில்டர் லேயர் ஒன்றை வையுங்கள். அதைப் போட்டுப் போட்டு அணைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பாட்டி தனியாக, மயில் தனியாக, காடு தனியாகத் தெரிகிறதா? நீங்கள் அனுப்பிய படத்தில் நான் அப்படிச் செய்து பார்த்தேன். பாட்டியின் புடவையும் பின்னால் இருந்த இலைகளும் ஒரே சாம்பல். சிவப்பும் பச்சையும் வேறு நிறம் என்பதால் திரையில் பிரிந்து தெரிந்தது, அவ்வளவுதான். அச்சில் நிறம் கொஞ்சம் மங்கியதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

வாட்ஸ்அப்பில் புடவை பிசிறடித்ததற்கும் அதுவே பாதிக் காரணம். அங்கே படம் ஜேபெக் கோப்பாகச் சுருங்கும். ஜேபெக்கில் இடம் மிச்சம் பிடிக்க, வெளிச்ச விவரத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிற விவரத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சுருக்கிவிடுவார்கள். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும், நிறத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது, அதனால் சாதாரணமாகத் தெரியாது. ஆனால் ஒரே வெளிச்ச அளவில் சிவப்பும் பச்சையும் ஒட்டி நிற்கும் விளிம்பில் நிறம் மட்டும்தான் எல்லை காட்டுகிறது. அந்த எல்லையையே சுருக்கிவிட்டால் பிசிறுதான் மிஞ்சும். புடவையை ஒரு படி வெளுத்து, பின்னால் இருக்கும் இலையை ஒரு படி கறுத்துவிட்டால் அச்சிலும் பிழைக்கும், கைப்பேசியிலும் பிழைக்கும். இலைகளில் கொஞ்சத்தைப் பழுத்த செம்மஞ்சளாக்கினாலும் அழகுதான். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும் நேரத்து நிறம், நம் ஊர்க்காரர்கள் பார்த்ததும் கண்டுகொள்வார்கள்.

இணையத்துக்குத் தனி நகல் எடுங்கள். அச்சுக்குத் தயாரித்த சிஎம்ஒய்கே கோப்பை ஒருபோதும் அங்கே ஏற்ற வேண்டாம், சில இடங்களில் நிறம் தாறுமாறாகத் தெரியும். மூல ஆர்ஜிபி கோப்பிலிருந்து எடுத்து, அகலத்தை 1080 அல்லது 2000 பிக்சலுக்குக் குறைத்து, எஸ்ஆர்ஜிபி புரொஃபைலோடு பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஐபேடில் புரோகிரியேட் என்ற ஓவியச் செயலி வைத்திருக்கும் நண்பர்கள் பி3 என்ற அகன்ற வண்ண அளவில் தீட்டிவிட்டு அப்படியே ஏற்றுவதுண்டு. புரொஃபைலைக் கவனிக்காத தளங்களில் அது வெளிறிப்போகும். இந்த நகலில் வானத்து ஆரஞ்சைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், விளிம்பில் மயிலின் பச்சையையும் ஏற்றலாம். தாளுக்குக் கிடைக்காத வெளிச்சத்தைத் திரைக்குக் கொடுப்பதில் தப்பே இல்லை. இரண்டுக்கும் ஒரே படம்தான், இரண்டு நகல். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதுதான்.

அளவு விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ4 அட்டைக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக்கான கூடுதல் ஓரம்) விட்டால் 216-க்கு 303 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் 2551-க்கு 3579 பிக்சல். மயிலின் தோகை நுனியையும் கோயில் பெயரையும் வெட்டு ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே வையுங்கள். அதே படத்தைக் கோயில் வாசலுக்கு 2-க்கு 6 அடி பந்திங்காக, அதாவது தொங்கவிடும் பதாகையாக, போடக் கேட்டால் 300 டிபிஐ தேவையில்லை. முழு அளவில் 100 டிபிஐ போதும், 2400-க்கு 7200 பிக்சல். தள்ளி நின்றுதானே பார்க்கப் போகிறார்கள். பந்திங் அடிக்கும் கடைகளில் சில ஆர்ஜிபி கோப்பையே கேட்கும், அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இந்த நான்கு மை அச்சில் வெள்ளை மை கிடையாது, தாள்தான் வெள்ளை. உங்கள் படத்தில் விளக்கு, பல், மேகம், மயிலின் கண் ஓரம், பால் எல்லாமே சுத்த வெள்ளை. எனக்கு ஒரே ஒரு இடம் போதும். வெட்டிய பட்டையில் சரிந்து கோப்பைக்கு இறங்குகிறதே, அந்தப் பால் கோடு. அதை மட்டும் தாளின் வெள்ளையாக விடுங்கள். மற்ற வெள்ளைகளில் மஞ்சள் 5, மெஜந்தா 3 என்று மெல்லிய படலம் போடுங்கள். மேகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். பார்ப்பவரின் கண் நேராகப் பாட்டியின் கைக்குப் போகும்.

மறு அச்சுக்கு முன்னே ஒரு புரூஃப் (மாதிரி அச்சு) வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) கூடச் செலவானாலும் பரவாயில்லை. உண்மையான தாளில் அடித்த புரூஃபாக இருக்கட்டும். அச்சகத்தின் விளக்கடியில் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். வெளியே ஐந்தடி நடைபாதைக்கு எடுத்து வாருங்கள், வெயில் நேரடியாகப் படாத பகல் வெளிச்சத்தில் பாட்டியின் முகத்தை முதலில் பாருங்கள், மயிலை அப்புறம் பாருங்கள். முகம் பச்சையடித்தால் தோலில் சயானை 5 புள்ளி இறக்கச் சொல்லுங்கள்.

திருத்திய கோப்பை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்ப வேண்டாம், சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், லேயரோடு.